ஒரு ஸ்பூனுக்கு ஒரு குருவி

பேபி வாயைத் திறக்க வேண்டுமென்றால் ஒரு குருவி வர வேண்டும். இதைச் சொன்னால் என் வீட்டில் யாரும் நம்புவதில்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை. எண்பத்தைந்தாம் வருஷத்து மழையில் பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை ஒரு எருமையின் முதுகில் உட்கார்ந்து வெள்ளத்திலேயே வந்து சேர்ந்தேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் எருமையைச் சைக்கிள் ஸ்டாண்டில் விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டேன், சாயங்காலம் வந்து டோக்கனைக் கொடுத்தால் வேறு எருமையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து ஒரு நாள் உண்மை வந்தால் அதற்கு உட்கார நாற்காலி போட யார் இருக்கிறார்கள்?

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானமும் கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பூனை அவள் உதட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தபடி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேபி என் மனைவி. அறுபத்தெட்டு வயதில் பேபி என்று பெயர் இருப்பது அவள் குற்றமில்லை. சித்திரை வெயிலில் சமையலறையில் விழுந்தவள், எழுந்தபோது வலது பக்கம் அவளோடு எழவில்லை. பேச்சும் எழவில்லை. இடது கை இருக்கிறது, கண் இருக்கிறது, உதட்டின் இடது மூலை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஊற்றினார்கள். அந்த இடது கையால் அவள் குழாயைப் பிடுங்கி எறிந்தாள். மறுபடி விட்டார்கள், மறுபடி பிடுங்கினாள். கடைசியில் அந்தக் கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவைத்தார்கள். உடம்பில் மிச்சமிருந்த ஒரே ஒரு கை. புரட்டாசியில் வீட்டுக்கு அழைத்து வரும்போது மணிக்கட்டில் வளையல் போட்ட மாதிரி ஒரு தடம் இருந்தது. "வாயால சாப்பிட்டா பிரச்சினையில்லை. எடை இன்னும் குறைஞ்சா பொங்கலுக்கு அப்புறம் திரும்பக் குழாய்தான்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பேபிக்கு அது காதில் விழுந்தது. பல்லை இறுக்கிக்கொண்டாள். குழாய் வேண்டாமென்றால் வாயைத் திறக்க வேண்டும் என்று அவளுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. வாயில் எது வந்தாலும் குழாய்தான் என்று பயந்தாளோ என்னவோ, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

நெமிலிச்சேரியில் மகள் எழிலரசியின் ஃபிளாட்டில்தான் இருக்கிறோம், மூன்றாவது மாடி. பின்பக்கம் ஒரு காலி மனை. அதில் யாரும் வைக்காமல் தானாக முளைத்த தேன்பழ மரம் ஒன்று எங்கள் ஜன்னல் உயரத்துக்கு வந்து, இனி மேலே போனால் மெயின்டனன்ஸ் கேட்பார்கள் என்று பயந்ததைப் போலப் பக்கவாட்டில் படர்ந்துவிட்டது. சிவப்பு மணி மாதிரி பழம், உள்ளே மணல் மாதிரி விதை, சர்க்கரைப் பாகு மாதிரி ருசி. ஐப்பசியில் ஒரு மத்தியானம், வழக்கம் போல அவள் பல்லை இறுக்க, வழக்கம் போல நான் எருமைக் கதையை எடுக்க, ஒரு பச்சைக் குருவி அந்தக் கிளையில் வந்து உட்கார்ந்தது. குக்குறுவான். பெயரெல்லாம் பிறகு மாப்பிள்ளையின் போனில் பார்த்ததுதான். நெற்றியில் ரத்தச் சிவப்பில் பெரிய பொட்டு, கண்ணைச் சுற்றி மஞ்சள் பூசிய மாதிரி முகம். கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் பஸ்ஸுக்கு நிற்கும் பேபியைப் போலவே இருந்தது. பேபி பார்த்தாள். அவள் உதடு பிரிந்தது. பிரிந்த இடத்தில், ஓடுகிற பஸ்ஸில் கடைசி ஆளாகத் தொற்றிக்கொள்கிறவனைப் போல, ஸ்பூனை நுழைத்துவிட்டேன். விழுங்கினாள்.

அன்றிலிருந்து அதுதான் கணக்கு. ஒரு ஸ்பூனுக்கு ஒரு குருவி.

குளிர்காலம் அந்த மரத்துக்கு நல்ல காலம். மழை விட்டு, வெயில் மஞ்சளாகச் சாயும்போது எங்கிருந்தோ எல்லாம் ஒன்றாக வந்து சேரும். ஒரே மரம், அத்தனை வாய், சண்டை வந்தே தீரும் என்று முதலில் நினைத்தேன். பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது, அவர்களுக்குள் இடம் பிரிந்திருந்தது. கீழே புதரை ஒட்டிய கிளைகளில் தையல்சிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு இலைக்கு அடியில் பூச்சி தேடும். நடு மரத்து இலைக்கூட்டத்துக்குள் பழுப்பு நிறக் கதிர்க்குருவி, வெளியே தலை காட்டாது, சத்தம் மட்டும்தான் வரும். வெள்ளைப் பூவுக்குத் தேன்சிட்டு. கொம்பு நுனியில் பழுத்துத் தொங்கும் பழத்துக்குக் கட்டை விரல் அளவு பூக்கொத்தி, தலைகீழாகத் தொங்கிச் சாற்றைப் பிழிந்து குடிக்கும். கனமான கிளையில் குக்குறுவான், எங்கள் பொட்டுக்காரி, பழத்தை முழுசாக விழுங்குவாள். பட்டுப்போன ஒரு கொம்பில் ஈபிடிப்பான், மரத்தில் எதையும் தொடுவதில்லை, காற்றில் போகிற பூச்சி மட்டும்தான் அவனுக்கு. வானத்தில் பருந்து நிழல் போனால் ஒன்று கத்தும், எல்லாம் உறைந்துபோகும், நிழல் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். முப்பத்தாறு வீடுகளுக்கு ஒரு கார் நிறுத்துமிடத்தைப் பிரிக்க மூன்று கூட்டம் போட்டு, நான்காவது கூட்டத்தில் நாற்காலி உடைத்தவர்கள் கீழே இருந்தார்கள். மேலே இவர்கள் இருந்தார்கள்.

எனக்கு இது போதாதா? நான் ஆரம்பித்துவிட்டேன்.

"பேபி, கீழ கீறா பாரு, அவ டெய்லர். ஜாக்கெட்டு குடுத்தா தீபாவளி முடிஞ்சிதான் தருவா. காஞ்ச கொம்புல குந்திகினு கீறானே, அவன் வாச்மேன். எந்திரிச்சி ஒரு பூச்சிய புடிப்பான், திரும்ப அதே சேர்ல வந்து குந்திக்குவான். எலைக்குள்ள சவுண்டு வுடுறான் பாரு, அவன் வடக்கத்தி. இமயமலைக்கு அந்தாண்டருந்து ரிசர்வேசன் இல்லாம வந்துகினு கீறான், டி.டி.ஆர். வந்தா எலைக்குப் பின்னால ஒளிஞ்சிக்குவான். போன வருசம் இதே வண்டியிலதான் வந்தான், நான்தான் ஸ்டேசன்ல அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்."

இடது மூலை லேசாக மேலே போகும். உள்ளே ஒரு ஸ்பூன் போகும். வாச்மேன் பறந்தால் ஒன்று, டெய்லர் தலைகாட்டினால் ஒன்று. பொட்டுக்காரி வந்துவிட்டால் இரண்டு, சில நாள் மூன்று. கிண்ணம் காலியாகிவிடும். கார்த்திகைக்குள் அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

இங்கேதான் காக்கா உள்ளே வந்தது.

எழிலரசி மாங்காடு கோயிலுக்குப் போன இடத்தில், வரிசையில் முன்னால் நின்ற ஓர் அம்மா, சனிக்கிழமை தவறாமல் காக்காவுக்கு எள்ளு சாதம் வைத்தால் படுக்கையில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அதை ஐப்பசியில்தான் இவளும் ஆரம்பித்தாள். ஜன்னல் விளிம்பில் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் ஓர் உருண்டை. வாரத்துக்கு ஒரு தரம் வந்து கொத்திவிட்டுப் போகும் காக்காவால் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எழிலரசி ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவள். காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். மத்தியானத்துக் குருவிகளை அவள் பார்த்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் காலியான கிண்ணத்தையும் அம்மாவின் கன்னத்தையும்தான்.

"பாத்தியா நைனா, எள்ளு சாதம் வெச்சதுலருந்து அம்மா எப்டி சாப்புடுது!"

"அது காக்காவால இல்லமா. குருவியால."

"ஆரம்பிச்சிட்டியா?"

"சத்தியமா. குருவி வந்தா வாயத் தொறக்குறா. நீ ஒருநாள் லீவு போட்டுப் பாரேன்."

"எருமை, டோக்கன், இப்ப குருவியா? நடத்து நடத்து."

சனிக்கிழமை மட்டும் வைத்தாலே இவ்வளவு பலன் என்றால் தினமும் வைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தினமும் வைத்தாள். ஒரு காக்கா மூன்றானது, மூன்று அந்த மரத்திலேயே வந்து உட்கார்ந்து நேரம் பார்க்க ஆரம்பித்தன. டெய்லர் முதலில் காணாமல் போனாள். பூக்கொத்தி வந்தாலும் ஒரு பழத்தோடு ஓடினான். குருவி குறைந்தால் கஞ்சி குறையும். கஞ்சி குறைந்தால் எழிலரசி பயந்துபோய் சாதத்தை அதிகமாக்குவாள். சாதம் அதிகமானால் காக்கா அதிகமாகும். லேத் மிஷின் பெல்ட்டில் சட்டை மாட்டிக்கொண்டால் இழுத்துக்கொண்டே போகும், சுவிட்ச் இருக்கிற இடத்துக்குக் கை எட்டாது. அப்படி நின்றுகொண்டிருந்தேன்.

சொல்லி நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் முறைப்படி சொல்லிப் பார்த்தேன். "நேத்து அந்தப் பெரிய காக்கா எங்கிட்ட பேசிச்சு எழிலு. சனி பகவான் ஆவடி சைடு மாறிப் போய்ட்டாராம். சாதத்த அங்க கொண்டாந்து வெக்க சொல்லிச்சு." அவள் சிரித்தாள். அம்மா விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே இரண்டு உருண்டை கூடுதலாக வைத்தாள். முகத்துக்கு நேராக, அதட்டிச் சொல்லியிருக்க வேண்டும். மனசு வரவில்லை. விடியற்காலையில் எழுந்து, குளித்து, அலுவலகத்துக்கு ஓடுவதற்கு முன்னால் அந்த எள்ளை வறுத்துக்கொண்டு நிற்பாள். அம்மாவுக்குச் செய்ய அவள் கையில் இருந்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்கினால் அந்த இடத்தில் வைக்க என்னிடம் ஓர் எருமைதான் இருந்தது.

காக்கா சிந்தியதைத் தின்னப் புறா வந்தது. புறா வந்தால் தெரியுமே, உறவுக்காரர்களை அழைத்துக்கொண்டுதான் வரும். விளிம்பில் இருபது, ஏசி மேல் பத்து. மார்கழி பாதியில் மரத்தில் ஒரு சிட்டு கிடையாது. ஜன்னல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கழுத்தை ஆட்டிக்கொண்டிருக்கும் கூட்டம். பேபி ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். நான் புறாவைப் பற்றியும் கதை சொல்லிப் பார்த்தேன். உதடு அசையவில்லை. அவள் மணிக்கட்டு மறுபடி எலும்பாகத் தெரிய ஆரம்பித்தது.

அசோசியேஷன் செக்ரட்டரி ராகவன் மேலே ஏறி வந்தார்.

"பெரியவரே, என் ஏசி மேல உங்க புறா குடும்பம் நடத்துது."

"என் புறா இல்ல சார். என்னோடதா இருந்தா ஏசிய ஆன் பண்ணிட்டுதான் படுத்துருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது மாடி ஸ்வாதியின் குழந்தைக்கு மூச்சிரைப்பு, டாக்டர் புறா எச்சத்தைத்தான் சொல்கிறார் என்றார். சாதம் வைப்பதை நிறுத்த வேண்டும், ஜன்னலுக்கு வலை போட வேண்டும் என்று முடிவாயிற்று. எழிலரசி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாளிலிருந்து எள்ளு சாதத்தை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கொண்டுபோய் வைத்தாள்.

வலைக்கு ஏற்பாடு செய்தது மாப்பிள்ளை கிஷோர். சேலத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை, எதையும் பத்து இடத்தில் விசாரிக்காமல் வாங்க மாட்டான். என் குருவிக் கதையை அவனும் நம்பியதில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருப்பான். "சாதா வலை கறுப்பா இருக்கும் மாமா. அத்தைக்கு மரம் மறைச்சிடும். அதான் டிரான்ஸ்பரன்ட்ல பெஸ்ட் குவாலிட்டி சொல்லிட்டேன். கண்ணுக்கே தெரியாது" என்றான். அந்த மாதிரி மாப்பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைப்பான், சொல்லுங்கள்.

ஜஸ்டின் என்கிற பையன் மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஜன்னலுக்கு மேலிருக்கும் சன்ஷேட் விளிம்பில் கொக்கி அடித்து வலையை இழுத்துக் கட்டினான். ஜன்னல் கம்பிக்கும் வலைக்கும் நடுவே கை நீட்டினாலும் எட்டாத தூரம். நான் உள்ளே இருந்து கேட்டேன்.

"தம்பி, ஒரே ஒரு ஓட்டை வுடேன். சின்னதா."

"இன்னாத்துக்கு தாத்தா?"

"டெய்லர் வரணும்."

அவன் கயிற்றில் ஆடியபடி என்னைப் பார்த்தான். "ஒரு ஓட்டை வுட்டா மொத்த நெட்டும் வேஸ்ட்டு தாத்தா. டெய்லர லிப்ட்ல வர சொல்லு."

வலை நிஜமாகவே கண்ணுக்குத் தெரியவில்லை. வெயில் ஒரு கோணத்தில் வரும்போது ஒரு விநாடி மின்னும், பிறகு இல்லாமல் போகும். புறாக்கள் இரண்டு நாள் வந்து மோதிப் பார்த்துவிட்டு அடுத்த பிளாக்குக்குக் குடிபோயின. மரம் காலியாக நின்றது. அதன்பின் ஒரு நாள் வாச்மேன் வந்து தன் காய்ந்த கொம்பில் உட்கார்ந்தான். பேபியின் கண் சுவரிலிருந்து மெல்லத் திரும்பியது. அடுத்து வடக்கத்தியின் சத்தம். அடுத்து தேன்சிட்டு. ஒவ்வொருத்தரும் விட்டுப் போன தன் கிளையைச் சரியாகக் கண்டுபிடித்து அதிலேயே உட்கார்ந்தார்கள். பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எழிலரசி லீவில் வீட்டில் இருந்தாள். கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் பேசாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

பூக்கொத்தி தலைகீழாகத் தொங்கினான். பேபியின் உதடு பிரிந்தது. எழிலரசியின் கை தானாகப் போயிற்று. ஒரு ஸ்பூன். புதர்ப்பக்கம் வால் ஆடியது. இன்னொரு ஸ்பூன். எழிலரசி மரத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி மரத்தைப் பார்த்தாள்.

"நைனா."

"இன்னா?"

"நெஜமாவா?"

"எருமைய வுட நெஜம்."

அவள் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. கிண்ணத்தை வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கீற்று பப்பாளி. அதை நூலில் கோத்து ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கம் தொங்குகிற மாதிரிக் கட்டினாள். "கிட்ட வந்தா அம்மா இன்னும் நல்லா பாக்கும்ல நைனா? இந்தப் பொட்டு வெச்ச குருவிக்குப் பழம்னா உசுருன்னு சொன்னியே?" வெயில் திரும்பி, வலை ஒரு விநாடி மின்னியது. நான் பார்த்தேன். ஆனால் என் மகள் சிறு பிள்ளையைப் போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு விவரம் தெரிந்து என் பேச்சை ஒருத்தர் அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை. "பாக்கும்மா" என்றேன்.

பொட்டுக்காரி கனமான கிளையில் வந்து உட்கார்ந்ததை மூன்று பேரும் பார்த்தோம். தலையைச் சாய்த்துப் பப்பாளியைப் பார்த்தாள். எழிலரசி ஸ்பூனை நிரப்பித் தயாராக வைத்துக்கொண்டாள். பொட்டுக்காரி கிளையை விட்டு எழும்பி நேராக எங்களைப் பார்த்து வந்தாள். வந்தவள் ஜன்னலுக்குக் கொஞ்சம் முன்னால் காற்றில் நின்றுவிட்டாள். எவ்வளவோ புளுகியிருக்கிறேன், ஒரு பறவை பறக்காமல் காற்றில் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வலையின் கண்ணிக்குள் தலை இந்தப் பக்கம் வந்திருந்தது. உடம்பு அந்தப் பக்கம். இறக்கையை அடிக்க அடிக்க இன்னொரு நூல் தோளில் ஏறியது. கம்பிக்குள் கையை விட்டேன், தோள் வரைக்கும் போயிற்று, விரலுக்கும் அவளுக்கும் நடுவே பப்பாளிதான் ஆடிக்கொண்டிருந்தது. கிஷோர் ஓடி வந்து ஒட்டடைக் கம்பில் கத்தியைக் கட்டி நீட்டினான். கத்தி நூலில் பட்டபோதெல்லாம் வலை முழுக்க அதிர்ந்து, நூல் இன்னும் இறுகியது. "வேண்டாம் மாப்ள, வேண்டாம், எடுத்துரு" என்றேன். அவன் ஜஸ்டினுக்குப் போன் போட்டான். ஜஸ்டின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தான். "பொங்கல் முடிஞ்சி வந்துர்றேன் சார், வாரண்டி கீது" என்று ஸ்பீக்கரில் கேட்டது. அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. மரத்தில் மற்றவர்கள் உறைந்துபோயிருந்தார்கள். எந்த நிழலும் போகவில்லை, அவர்களும் மறுபடி தொடங்கவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு கதை சொல்லியிருக்க வேண்டும். பொட்டுக்காரி ஊஞ்சலாடுகிறாள் என்றாவது. வாயில் வரவில்லை.

பேபியின் இடது கை மெத்தையிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் நீண்டது. அந்தக் கை அவ்வளவு நேராக நீண்டு நான் பார்த்ததில்லை. அவள் வாய் திறந்தது. இடது மூலை மட்டுமல்ல, செத்துப்போன வலது மூலையும் சேர்ந்து, பல்லும் நாக்கும் தெரிய, பெரிதாக. சத்தம் எதுவும் வரவில்லை. கையும் இறங்கவில்லை, வாயும் மூடவில்லை.

எழிலரசி என் பக்கம் திரும்பினாள். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கையில் ஸ்பூன் மட்டும் ஆடாமல் இருந்தது.

"அம்மா வாயத் தொறந்துகினு கீது நைனா. குடுக்கட்டா?"

ஜன்னலுக்கு வெளியே பொட்டுக்காரி இறக்கை அடிப்பதை நிறுத்தியிருந்தாள். அலகு திறந்திருந்தது. வெயில் இறங்கி வலை மொத்தமும் மின்ன ஆரம்பித்தது. அந்தப் பக்கம் ஒரு வாய், இந்தப் பக்கம் ஒரு வாய், நடுவில் ஒரு ஸ்பூன் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.